பதினாலு பேருக்கும் நான் பொறுப்பு

கீழ வீட்டு சுப்பராயலு அறுபத்தெட்டு வயது வரைக்கும் யாரிடமும் போய், தப்பு என்னுடையது என்று சொன்னதில்லை. சொல்லும்படியான தப்பைத் தான் செய்ததேயில்லை என்பது அவருடைய கட்சி. ஊரில் வேறு கருத்து உள்ளவர்கள் இருந்தார்கள். அவர் எதிரில் சொன்னவர் கிடையாது. நடக்கும்போது அவர் முதுகு உலக்கையை நட்டு வைத்ததுபோல் இருக்கும். கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் கம்பியைப் பிடிக்க மாட்டார்.

செம்மேட்டுப்பாளையம் கடலூருக்கு மேற்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். ஊருக்குத் தெற்கே செம்மண் மேடு திடீரென்று உடைந்து கீழே இறங்கும். எத்தனையோ ஆயிரம் மழை அறுத்து அறுத்து அந்த மேட்டை ஏழு கிளைப் பள்ளமாகப் பிளந்து போட்டிருந்தது. சில இடத்தில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். சில இடத்தில் மண் கோபுரம் கோபுரமாக நிற்கும். சிவப்புக்கு நடுவே வெள்ளைக் களிமண் விபூதிப் பட்டைபோல் ஓடும். ஏழுவாய்ப் பள்ளம் என்று அதற்குப் பெயர். ஆடு மேய்க்கிறவர்கள்கூட முதல் இரண்டு வாயோடு திரும்பிவிடுவார்கள். விளைச்சலுக்கு ஆகாத அந்த நிலம் முழுக்க சுப்பராயலு பட்டாவில் இருந்தது.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் மண்ணியல் சொல்லிக்கொடுக்கும் ரசியா அந்தப் பள்ளத்துக்கு முதன்முதலில் வந்தது 2009 தை மாதம். பரங்கிப்பேட்டைக்காரப் பெண். முப்பது வயது இருக்கும். மாணவிகளோடு வந்து பள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முந்திரி மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுப்பராயலு போய் நின்றார்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? இந்தத் தட்டையெல்லாம் யாரு பொறுக்குறது, எங்கப்பனா?"

அந்தப் பெண் எழுந்து, மாணவிகள் போட்டதை மட்டுமல்ல, அதற்கு முன்னால் யார் யாரோ போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் தம்ளர், பிராந்தி பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டினாள். பிறகு வந்து, "ஐயா, கேக்காம வந்தது தப்புதான். அடுத்த தடவை கேட்டுட்டு வரோம். ஒண்ணு ரெண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கிப் பாக்கணும்னு ஆசை. விடுவீங்களா?" என்றாள்.

தப்பு என்று ஒருத்தி இவ்வளவு லேசாகச் சொல்வதை சுப்பராயலு அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயோ என்னவோ, சரி என்று சொல்லிவிட்டார்.

மறு வருஷம் மாசி பிறந்ததும் ரசியா போன் செய்தாள். பதினாலு பெண்கள் வரத் தயார். ஆனால் பெற்றவர்கள் யோசிக்கிறார்கள். பையன்கள் ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் போய்க் கூடாரம் போடுகிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை. பெண் பிள்ளைகள் வெட்டவெளியில் தங்குவதென்றால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். குமராட்சியிலிருந்து ஒரு தகப்பனார், ஊரில் ஒரு பெரிய மனுஷன் கையெழுத்துப் போட்டால் அனுப்புகிறேன் என்றாராம்.

சுப்பராயலு தபாலாபீசுக்குப் போய்ப் பதினாலு இன்லேண்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே எழுதினார். "தங்கள் மகள் என் நிலத்தில் தங்கும் நாள் முழுவதும் என் வீட்டுப் பெண். அவளுக்கு நானும் என் குடும்பமும் பொறுப்பு. இப்படிக்கு, கீழ வீட்டு சுப்பராயலு, செம்மேட்டுப்பாளையம்." பதினாலிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அவர் மனைவி விருத்தாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். "எல்லாஞ் சரி. அதுங்க வெளிய போவணும்னா எங்க போவும்?" என்று கேட்டாள்.

"மண்வெட்டியும் மறைப்புத் துணியும் கொண்டாராங்களாம். குழி வெட்டி மூடிடுவாங்களாம்."

"பரவால்லியே. நம்ம ஊருக்கு வந்து நம்ம ஊரை விட சுத்தமா இருக்கப் போவுதுங்க" என்றாள் விருத்தாம்பாள்.

நடைவழிக்கு அடையாளம் கட்ட ரசியாவும் இரண்டு மாணவிகளும் ஒரு வாரம் முன்னாலேயே வந்தார்கள். சிவப்பு ரிப்பன் கொண்டுவந்திருந்தார்கள். செம்மண்ணில் சிவப்பு ரிப்பன் எங்கே தெரியும்? பத்தடி தள்ளி நின்றால் மண்ணோடு மண்ணாகிவிட்டது. சுப்பராயலு வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து தன் பழைய மஞ்சள் வேட்டியை எடுத்து வந்தார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது உடுத்தியது. பச்சைக் கரை போட்டது.

"மரத்துல மஞ்சத் துணி கட்டினா நாலு பேரு கும்புடப் போறாங்க, ஆமா" என்றாள் விருத்தாம்பாள்.

"என் நெலம். என் மரம். என் வேட்டி. எவன் கும்புடுறான் பாக்குறன்" என்று வேட்டியைக் கிழித்தார்.

முதல் வாயில் இறங்கி, மூன்றாம் வாய் வழியாக மணல் படுகைக்குப் போய், அங்கிருந்து கத்திமேடு என்ற ஒடுங்கிய மண் முகட்டில் ஏறும் வழி நெடுக முப்பது கிழிசல் கட்டினார்கள். பச்சை நிழலில்கூட அந்த மஞ்சள் எரிந்தது. ரசியா கைதட்டினாள். சுப்பராயலுவுக்கும் பெருமைதான்.

திங்கட்கிழமை விறகு பொறுக்கப் போன பட்டம்மாள் அந்தத் துணிகளைப் பார்த்தாள். பட்டம்மாளின் மகனுக்கு சிங்கப்பூர் விசா எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. பள்ளத்தைக் காப்பதாக ஊர் நம்பும் முனிக்கு யாரோ பெரிய வேண்டுதல் செய்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். முந்தானையில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாயை முடிந்து, தனக்குத் தோதான ஒரு வேல மரத்தில் கட்டிவிட்டு வந்தாள். வியாழக்கிழமை விசா வந்துவிட்டது.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பாதி ஊர் பள்ளத்தில் இறங்கி ஏறியது. சுப்பராயலு அன்றைக்குப் பார்த்துப் பண்ருட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

சனிக்கிழமை காலை அவர் தோப்பில் நின்றுகொண்டிருந்தபோது சின்னையன் வந்தான். விருத்தாம்பாளின் கூடப்பிறந்த தம்பி. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர், மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. கூட நான்கு பேர்.

"மாமா, ஒரு சேதி. பள்ளத்துல முனி எறங்கியிருக்குது. ஊரே பேசிக்குது. அந்த எடத்துல வயசுப் பொண்ணுங்க தங்குறது நல்லால்ல."

"எறங்குச்சா? எந்த பஸ்ஸுல?"

நான்கு பேரில் ஒருவன் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"வெளையாடாதீங்க மாமா. அதும் ஒரு பாய் வூட்டுப் பொண்ணு தலைமையில வந்து தங்குறாங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?"

"ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக்குப் போறாரே, அங்க தர்கா வாசல்ல அவருக்கு மரியாத பண்றது பாய்மாருங்கதானடா? போயிப் பாத்துட்டு வா. பெருமாளே ஒண்ணுஞ் சொல்லல, உன் முனிக்கு என்னா கேடு?"

சின்னையன் முகம் சுருங்கியது. நேராக விஷயத்துக்கு வந்தான். "அப்ப நானும் சொல்லிடுறன். அதுங்க ராத்திரி பள்ளத்துல தங்குனா, இந்த வருஷம் தேருக்கு மொதப் பரிவட்டம் கீழ வூட்டுக்குக் கெடையாது. ஊர்க் கூட்டத்துல பேசியாச்சு."

தேர் நிலையை விட்டுக் கிளம்புமுன் அம்மன் முன்னால் தலையில் கட்டும் அந்தப் பட்டுத்துணி, சுப்பராயலுவின் அப்பாவுக்கும், அவர் அப்பாவுக்கும், அதற்கும் மேலே பெயர் தெரிந்த மூன்று தலைமுறைக்கும் கட்டியது. அதைக் கட்டாமல் ஒரு தேரும் நகர்ந்ததில்லை. சுப்பராயலு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணுங்க மூணு மணிக்கு வராங்க. வழிய வுட்டு நில்லு" என்றார்.

மினிபஸ்ஸில் பதினாலு பேரும் வந்து இறங்கினார்கள். முதுகில் மூட்டை, தலையில் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ. சுப்பராயலு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொருத்தியும் முன்னால் வந்து, "இங்க இருக்கேன் ஐயா" என்றாள். முந்திரி பூத்திருந்த காலம். தோப்பு முழுக்க இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை. சிந்துஜா என்ற துறுதுறுப்பான பெண்ணின் தலைமையில் ஆறு பேர் முதலில் இறங்கினார்கள். அரை மணி கழித்து ரசியா மீதி எட்டுப் பேரோடு இறங்கினாள். மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும், மணல் படுகையில் எல்லோரும் சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு.

சுப்பராயலு தண்ணீர்க் குடங்களோடு மாட்டுவண்டிப் பாதையில் சுற்றிக்கொண்டு படுகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. ரசியா நின்றுகொண்டிருந்தாள். எட்டுப் பேர் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடி வந்தவங்க எங்க?" என்றார்.

"அதான் ஐயா நானும் பாத்துக்கிட்டிருக்கேன். அவங்க எங்களுக்கு முன்ன இங்க இருக்கணும். விசில் ஊதினேன், பதில் இல்ல. போனும் எடுக்கல, டவர் இல்லன்னு நெனைக்கிறேன். நம்ம துணியோட துணியா நெறைய புதுத் துணி கட்டியிருக்கு. ரெண்டு எடத்துல நானே கொழம்பிட்டேன்."

பதினாலு கடிதத்தில் ஆறு கடிதம் சுப்பராயலுவின் கண் முன்னால் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து சின்னையன் இறங்கி வந்தான். இப்போது பத்துப் பன்னிரண்டு பேர். பின்னால் பட்டம்மாளும் சில பெண்களும். சேதி எப்படித்தான் போனதோ.

"ஆறு பேரைக் காணமாமே! சொன்னேனா இல்லியா? முனி மறைச்சிடுச்சு. இப்பவாவது மிச்சம் இருக்கறவங்களக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வாங்க மாமா. கோயில்ல பூசை போட்டாத்தான் அதுங்க கெடைக்கும்."

"நீ பூசை போடு. நான் தேடுறன்" என்று சொல்லிவிட்டு சுப்பராயலு பள்ளத்துக்குள் நுழைந்தார். ரசியா கூடவே வந்தாள். மற்ற எட்டுப் பேரும் அசையாமல் படுகையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாம் வாய் பிரிகிற இடத்தில் சுப்பராயலு நின்றார். எங்கே பார்த்தாலும் மஞ்சள். மரத்தில் மஞ்சள், செடியில் மஞ்சள், மண் கோபுரத்தில் குத்தியிருந்த குச்சியில்கூட மஞ்சள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பச்சைக் கரை இருந்தது, தன்னுடையது. இன்னொன்றை எடுத்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது. முடிச்சுக்குள் காசு கடினமாகத் தட்டுப்பட்டது.

விருத்தாம்பாள் சொன்னது காதில் கேட்டது. வேட்டியைக் கிழித்த சத்தமும் கேட்டது.

"டீச்சரம்மா, கரை இருக்கறத வுட்டுடுங்க. காசு முடிஞ்சது எந்தப் பக்கம் ஜாஸ்தியா போவுதுன்னு பாருங்க."

காசு முடிந்த துணிகள் ஐந்தாம் வாய்க்குள் வரிசையாகப் போயின. எல்லாரும் பட்டம்மாளின் வேல மரத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள், அதுதானே பலித்த மரம். ஐந்தாம் வாய் போகப் போகக் குறுகி, கடைசியில் நாற்பதடிச் சுவரில் முட்டி நிற்கும். சுப்பராயலு பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நுழைந்தார். செம்மண் இரண்டு தோளிலும் அப்பியது. அந்த வெள்ளைச் சட்டையில் அவர் ஒரு நாளும் அழுக்குப் பட விட்டதில்லை.

வளைவு திரும்பியதும் ஆறு பேரும் தெரிந்தார்கள். வேல மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வேர்க்கடலை தோல் உரித்துக் கொடுக்க, மற்றவர்கள் எதிர்ச் சுவரில் தெரிந்த மண் அடுக்குகளை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். சுவர் முழுக்கப் பஞ்சுருட்டான் குருவிகளின் பொந்து.

சிந்துஜா எழுந்தாள். "வழி முட்டிக்கிச்சு ஐயா. திரும்பிப் பாத்தா எல்லாப் பக்கமும் மஞ்சளா இருந்துச்சு. வழி தப்பினா தப்பின எடத்துலயே உக்காருன்னு மேடம் சொல்லியிருக்காங்க. உக்காந்துட்டோம். விசில் ஊதினா இந்தச் சுவரு முழுங்கிடுது."

"பயந்துட்டீங்களா?"

"எதுக்கு ஐயா? நீங்க எழுதின லெட்டரை எங்கப்பா மூணு தடவை படிச்சாரு. தேடி வருவீங்கன்னு தெரியும்."

சுப்பராயலு திரும்பி முன்னால் நடந்தார். அவர் முகத்தை அந்தப் பெண் பார்க்கவில்லை.

படுகைக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் கத்திமேட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளம் முழுக்க அடுப்புக் கங்கு நிறம். சுப்பராயலு பட்டியலை எடுத்து மறுபடியும் பதினாலு பெயரையும் படித்தார். பதினாலு குரலும் வந்தது.

சின்னையன் உரக்கச் சொன்னான்: "நல்லவேள, முனி மனசு எறங்கிக் காட்டிக் குடுத்துச்சு. கெளம்புங்கம்மா எல்லாரும், ஊருக்குள்ள எடம் தரோம்."

"நில்லுடா" என்றார் சுப்பராயலு. "முனியும் இல்ல, முனிக்குப் பாட்டனும் இல்ல. மொத மஞ்சத் துணிய மரத்துல கட்டுனது நான். வழி தெரியணும்னு என் வேட்டியக் கிழிச்சுக் கட்டினன். பாரு, கரையப் பாரு. அதைப் பாத்துட்டு நீங்க வேண்டுதல்னு நெனைச்சுக்கிட்டீங்க. உங்க துணியப் பாத்து இதுங்க வழின்னு நெனைச்சுக்கிச்சு. உன் அக்கா அப்பவே சொன்னா, நான்தான் கேக்கல. தப்பு என்னுது."

முனி இல்லை என்பதைவிட, கீழ வீட்டுக்காரர் வாயிலிருந்து அந்தக் கடைசி இரண்டு வார்த்தை வந்ததுதான் கூட்டத்தை அடித்துப் போட்டது.

பட்டம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப எம்புள்ள விசா?"

"உன் புள்ள வெல்டிங் பரீச்சை எழுதி பாஸ் பண்ணான், பட்டம்மா. அவனுக்குக் குடுக்க வேண்டிய பேர எம்மரத்துக்குக் குடுக்காத."

பட்டம்மாள் யோசித்தாள். "அதுவுஞ் செரிதான். ஆனா என் ஒரு ரூவா அங்கயே இருக்கட்டும், அவுக்க மாட்டன்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சின்னையனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"முனி இருக்குதோ இல்லியோ, ஊர் சொன்னது சொன்னதுதான் மாமா. இதுங்க இன்னிக்கு இங்க தங்குனா பரிவட்டம் மேல வூட்டுக்கு. அஞ்சு தலைமொற மரியாத. யாரோ பெத்த பொண்ணுங்களுக்காகப் போக்கிக்கப் போறீங்களா?"

ரசியா மெதுவாகக் கிட்டே வந்தாள். "ஐயா, எங்களால உங்க குடும்பத்துக்கு இது வேணாம். நாங்க இப்பவே கெளம்பினா ராத்திரிக்குள்ள சிதம்பரம் போயிடுவோம்."

"நீங்க சும்மா இருங்க டீச்சரம்மா" என்றார் சுப்பராயலு. அவர் குரல் உயரவில்லை. "டேய் சின்னையா, பரிவட்டத்த என் அப்பன் தலையில எதுக்குக் கட்டினாங்க தெரியுமா? கீழ வூட்டான் ஒரு சொல்லு சொன்னா அது நிக்கும்னு கட்டினாங்க. பதினாலு பேரப் பெத்தவங்களுக்கு, உங்க பொண்ணு என் வூட்டுப் பொண்ணுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கறன். அவுங்க கேட்டது பள்ளத்துல தங்கறதுக்கு. நான் சரின்னு சொன்னதும் அதுக்குத்தான். அதை இப்ப மாத்திட்டு, அதே தலைய அம்மன் முன்னால நீட்டச் சொல்றியா? என் அப்பன் எந்திரிச்சு வந்து செருப்பால அடிப்பான். எவன் தலையில வேணாலும் கட்டிக்க. போ."

சின்னையன் அக்காவைத் தேடினான். விருத்தாம்பாள் அப்போதுதான் வண்டிப் பாதையில் ஒரு தவலைச் சாம்பார் சாதத்தோடு வந்துகொண்டிருந்தாள். "அக்கா, நீயாவது சொல்லு. ஊரு என்னா பேசும்?"

விருத்தாம்பாள் தவலையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினாள். "நாப்பது வருஷமா இவரு சொன்னது எதுவும் எனக்குப் புடிச்சதில்ல. இது புடிச்சிருக்குது. நானும் இங்கதான் படுக்கப் போறன். உம்பொண்ணு ஒருத்தி காலேஜுல படிக்கிறாளே, அவளையும் அனுப்பி வை. எடம் இருக்குது." பிறகு பெண்களைப் பார்த்து, "வாங்கடி, ஆறிடப் போவுது" என்றாள்.

சின்னையன் அதற்கு மேல் நிற்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக மேடேறிப் போனார்கள். ஒன்றிரண்டு பேர் திரும்பித் திரும்பிக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மறுநாள் விடியும் முன்பே ரசியா எல்லோரையும் எழுப்பிவிட்டாள். கத்திமேட்டில் ஏறிச் சூரிய உதயம் பார்ப்பதுதான் அந்தப் பயணத்தின் முக்கியமான பகுதி. மேடு பெயருக்கேற்றபடி கத்தி. மேலே ஒற்றையடி அகலம்தான், இரண்டு பக்கமும் செங்குத்து. சரளைக் கல் காலடியில் உருளும். சுப்பராயலு முன்னால் போனார். ஒவ்வொரு அடியையும் ஊன்றிப் பார்த்து, "இங்க வை, அங்க வைக்காத" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். அவருக்குப் பின்னால் ஒரே வரிசையில் பதினாலு பேர். கடைசியில் ரசியா. விருத்தாம்பாள் பாதி ஏறி, "எனக்கு இங்கிருந்தே சூரியன் தெரியும்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

உச்சிக்கு வந்ததும் கிழக்கே முந்திரிக்காடு முடிகிற இடத்தில், கடலூருக்கு அந்தப் பக்கம், நகத்தால் கீறியதுபோல் கடல் தெரிந்தது. அதன் மேல் சூரியன் எழும்பியது. மண் கோபுரங்களின் உச்சிகள் ஒவ்வொன்றாகத் தீப்பிடித்தன.

அப்போது கீழே ஊரிலிருந்து பறைச் சத்தம் கேட்டது. தெருத் தெருவாக நின்று நின்று அடித்தார்கள். நடுவில் ஒரு ஆள் குரல் எடுத்துக் கத்தினான். இந்த வருஷம் தேருக்கு முதல் பரிவட்டம் மேல வீட்டுக்கு என்று ஊர்க் கூட்டம் முடிவு செய்திருக்கிறது என்ற சேதி, காற்றில் பாதியாகவும் முழுசாகவும் மேட்டுக்கு ஏறி வந்தது.

"ஐயா, என்னா சொல்றாங்க?" என்று கேட்டாள் சிந்துஜா.

சுப்பராயலு ஊர்ப் பக்கம் பார்த்தார். கோயில் கோபுரமும், பக்கத்தில் கீற்று மறைப்புக்குள் நின்ற தேரும் அங்கிருந்து கையளவுதான் தெரிந்தது. பறை அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே வேண்டுமென்றே கூட நேரம் அடித்தார்கள். அவர் அது முடியும் மட்டும் கேட்டார். தலை குனியவில்லை, தலையில் கையும் வைத்துப் பார்க்கவில்லை.

"எனக்குச் சேதி சொல்றாங்க" என்றார். "கேட்டாச்சு. இனிமே எறக்கம், ஏத்தத்த விட மோசம். ஒருத்தர் விட்ட எடத்துல அடுத்தவங்க கால வைங்க. நடங்க."

சொல்லிவிட்டு முதல் அடியை அவரே எடுத்து வைத்தார்.